உள்ளங்கால்

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆனி 10, செவ்வாய்க்கிழமை (ஜூன் 24)

மாரிசெல்வி சிஸ்டர் அவர்களுக்கு,

சனிக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரி மாடியில் நடந்த சர்க்கரை நோயாளிகள் கூட்டத்தில் இருந்தவர்கள்: நான், என் அகத்துக்காரர் யதிராஜன், அவரோடு கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கியாக இருக்கும் தாமோதர், தளவாய்புரத்து இசக்கியம்மாள், அந்த அம்மாளின் மருமகள், செட்டியார்பட்டியிலிருந்து வரும் மில் தொழிலாளி ஐயாதுரை, பெயர் தெரியாத ஒரு கணவன் மனைவி, நாற்காலி எடுத்துப் போடுகிற பெண், நீங்கள். டாக்டர் பாதியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவள். இருந்த ஆளை விடவும் மாட்டேன், இல்லாத ஆளைச் சேர்க்கவும் மாட்டேன். இத்தனை பேர் முன்னால் என் அகத்துக்காரரை நீங்கள் சிரிப்புக்கு ஆளாக்கினீர்கள்.

போனில் இதைச் சொல்லலாமே என்பீர்கள். எங்கள் அகத்தில் இருப்பது ஒரு போன், அது அவர் இடுப்பில் இருக்கிறது. தவிர, நேற்று தாமோதர் போனிலிருந்து நான் கூப்பிட்டபோது, "பேஷண்ட் இருக்காங்க, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டீர்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "கண்ண மூடிக்கோங்க சாமி, நான் தொடுறப்பல்லாம் ஆமான்னு சொல்லணும்" என்றீர்கள். நைலான் நூலை எடுத்து அவர் உள்ளங்காலில் வைத்து அழுத்தினீர்கள். நூல் வளைந்தது, அவர் பேசாமல் இருந்தார். இன்னோர் இடம், அப்போதும் பேசவில்லை. பிறகு நூலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். அப்போது அவர், "ஆமா, இப்போ தொட்டேள்" என்றார். தாமோதர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன், "அண்ணாவை நாச்சியாரே வந்து தொட்டிருப்பாள்" என்றான். மாடி முழுக்கச் சிரித்தது. இவர் கண்ணைத் திறந்து பார்த்தார். உங்கள் கை உங்கள் மடியில் இருந்தது.

அதோடு விட்டீர்களா? குதிகாலைப் பிடித்துத் தூக்கி, கட்டைவிரலுக்குக் கீழே இருந்த புளியங்கொட்டை அளவுப் புண்ணை எல்லாருக்கும் காட்டினீர்கள். "பாத்துக்கோங்க, இம்புட்டுப் பெரிய புண்ணு, இவருக்கே தெரியாது" என்றீர்கள்.

அவர் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆண்டாள் நாச்சியார் வீதிக்கு எழுந்தருளும்போது தோளுக்கினியான் என்கிற பல்லக்கின் தண்டைத் தோளில் ஏந்துகிறவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கைங்கர்யம். சித்திரை வெயிலில், பகல் புறப்பாட்டில், தார் ரோடு உருகிக் கிடக்கும். மற்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளுவார்கள். வீதிப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் விடுவார்கள். இவர் மட்டும், "எனக்கு வேண்டாம், அவாளுக்கு விடுங்கோ" என்று அசையாமல் நிற்பார். அவள் பாதத்தைத் தாங்குகிறவர் பாதத்தை அவள் தாங்குகிறாள் என்று வீதியே இவரைச் சேவிக்கும். சில வருஷமாக நாங்கள் இதைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். நீங்கள் ஒரு நூலை வைத்து, "அது அருள் இல்ல சாமி, நரம்பு செத்துப்போச்சு" என்றீர்கள். உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

நீங்கள் வாங்கச் சொன்ன கறுப்பு ரப்பர் செருப்பு இப்போது கிணற்றடியில் கிடக்கிறது. அவரே எறிந்தார். புண்ணுக்குக் கட்டுப் போட வர மறுக்கிறார். "அந்தப் பொண்ணு சிரிச்ச படியை நான் ஏறமாட்டேன்" என்கிறார். ஆடிப்பூர உற்சவத்துக்குத் தண்டு பிடித்தே தீருவேன் என்றும் சொல்லிவிட்டார்.

நீங்கள் எங்கள் அகத்துக்கு வந்து, தாமோதரையும் வைத்துக்கொண்டு, அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அவர் வைத்தியத்துக்கு வருவார். என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுதவும்.

இப்படிக்கு,
வஞ்சுளவல்லி யதிராஜன்


ராஜபாளையம்
27.6, வெள்ளி

வஞ்சுளவல்லி மாமிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை டீ குடிக்கும் நேரத்தில் படித்தேன். டீ ஆறிப்போனது. நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். சொன்னேன் மாமி. போன மார்கழிக்கு முன்னால் சொன்னேன். பங்குனியில் சொன்னேன். மே மாதம் டாக்டரையே சொல்லவைத்தேன். மூன்று தடவையும் கதவு சாத்தித்தான் இருந்தது. மூன்று தடவையும் சாமி சிரித்துக்கொண்டே, "அவ பார்த்துப்பாம்மா" என்றார். பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்தக் கணக்கையும் எழுதி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எதற்காகக் கூட்டம் போடுகிறோம் தெரியுமா? நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. டாக்டர் சொன்னால் ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்கிறார்கள். ஐயாதுரை அண்ணனுக்கு மில்லில் பீடி பிடிக்க முடியாது, பஞ்சு பற்றிக்கொள்ளும். அதனால் ஷிப்ட் முழுக்க வாயில் புகையிலையை அடக்கி வைத்திருப்பார். விடச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒரு நாள் இசக்கியம்மாள் ஆச்சி கூட்டத்தில், "ஏலே, நீ வாயத் தொறந்தா எனக்குக் கொமட்டுது, தள்ளி உக்காருலே" என்றது. அடுத்த வாரம் பாக்கெட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். ஒரு வியாதிக்காரன் சொல்வதுதான் இன்னொரு வியாதிக்காரனுக்குக் காதில் ஏறுகிறது. சாமிக்கும் ஏறட்டும் என்றுதான் அங்கே வைத்துப் பார்த்தேன்.

சிரித்தது அவர்கள். நான் சிரிக்கவில்லை.

நீங்கள் என்மேல் கோபப்படுகிறீர்கள். அந்தப் புண்மேல் கோபமே வரவில்லையா உங்களுக்கு? கால் சுடவில்லை என்று ஒரு வீதியே கும்பிட்டிருக்கிறது. சுடவில்லை என்றால் பயப்பட வேண்டும் மாமி, அழ வேண்டும். சூடு தெரிந்தவன் துள்ளுவான், கால் தப்பிக்கும். தெரியாதவன் நிற்பான், தோல் வெந்துபோகும், அவனுக்கே தெரியாது.

இப்போது செய்ய வேண்டியது: ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். அந்தக் காலை அழுத்தி ஊன்றவே கூடாது. கல்லில், மண்ணில், வெறுங்காலோடு ஓர் அடிகூடக் கூடாது. தண்டு தூக்குவது பற்றிப் பேச்சே வேண்டாம். புண் எலும்பைத் தொட்டுவிட்டால் விரல் போகும், அதற்கப்புறமும் விட்டால் காலே போகும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்று அதுவரை காத்திருக்கப் போகிறாரா?

கிணற்றடியிலிருந்து செருப்பை எடுத்துக் கழுவி வையுங்கள்.

மாரிசெல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆனி 18, புதன்கிழமை (ஜூலை 2)

மாரிசெல்விக்கு,

நீ என்றே எழுதுகிறேன். என் தங்கை பெண் வயதுதான் உனக்கு.

நீ சிரித்தாய். நோயாளிகளின் பைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாய், தோள் குலுங்கியது. நான் உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் சிரித்ததற்கு அவர் வருத்தப்படவில்லை. தாமோதர் தினமும் கேலி செய்கிறவன். இசக்கியம்மாள் தன் மருமகளைப் பார்த்தே சிரிக்கிறவள். வைத்தியம் சொல்கிற நீ சிரித்ததுதான் அவருக்கு ஆறவில்லை.

நானும் சிரித்தேன் என்று எழுதியிருந்தாய். ஆமாம், சிரித்தேன். பங்குனியிலும் சிரித்தேன். அதற்கு இப்போது வாங்கிக் கட்டிக்கொண்டேன், கேள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுச் சாம்பிராணி போட்டேன். கும்மட்டியிலிருந்து ஒரு கொட்டாங்கச்சித் தணல் கூடத்தில் உருண்டுவிட்டது. இடுக்கி எடுக்க உள்ளே போனேன். அதற்குள் இவர் பாசுரம் சொல்லிக்கொண்டே கொல்லைப்புறத்திலிருந்து வந்து, மாடத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு நின்றார். எனக்கு முதலில் மூக்கில்தான் தெரிந்தது. சாம்பிராணியோடு வேறு ஒரு வாசனை. நான் இடுக்கியோடு வாசற்படியில் நிற்கிறேன். "என்ன, அப்படிப் பார்க்கறே?" என்று கேட்டுவிட்டு அடுத்த அடியைச் சொல்ல ஆரம்பித்தார். கால் தணலின் மேல் இருக்கிறது.

தள்ளினேன். கல்யாணமான நாளாக அவர்மேல் கை வைத்துத் தள்ளியதில்லை, அன்றைக்குத் தள்ளினேன். சுவரில் சாய்த்து உட்காரவைத்து, காலைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் வெந்த தோல், கட்டைவிரலுக்குக் கீழே உன் புண், ஓரமெல்லாம் பழைய தழும்புகள். எத்தனை தழும்பு! ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தினமும் காலையில் அந்தப் பாதத்தைச் சேவித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். சேவிக்கிறவளுக்கு மேல்பாதம்தான் தெரியும். அன்றைக்கு நீ தூக்கிக் காட்டும்வரை உள்ளங்காலை நான் பார்த்ததே இல்லை.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆறு வருஷமாக வருகிறோம். எவ்வளவு சாதம், எந்தக் காய், பால்கோவாவைக் கண்ணாலாவது பார்க்கலாமா என்பது வரைக்கும் தாள் தாளாகக் கொடுத்தீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், எழுத்துக் கூட்டித்தான் படிக்கக் கற்றேன், ஆனாலும் அந்தத் தாள்களில் ஒரு வரி விடவில்லை. ஆழாக்கை வைத்து அளந்து அளந்து போட்டேன். பிரசாதத்தில்கூட ஒரு விரல்நுனிதான், மிச்சம் வீதிப் பிள்ளைகளுக்கு. பத்தியத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நீயே சொன்னாய். அகத்துக்காரரின் உள்ளங்காலைப் பார் என்று என்னிடம் யார் சொன்னது? அவரிடம் சொன்னாய். குனிந்து தன் உள்ளங்காலைத் தானே பார்க்க அவர் தொந்தி விடுமா? அளக்கத் தெரிந்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் தினமும் பார்த்திருப்பேன்.

இன்னமும் அவர் வர மறுக்கிறார். தணலை மிதித்ததற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார், பாசுரத்தில் லயித்துவிட்டாராம். உற்சவத்துக்கு நாள் நெருங்குகிறது. மன்னிப்புக் கேட்க வருகிறாயா, இல்லையா?

வஞ்சுளவல்லி


ராஜபாளையம்
7.7, திங்கள்

மாமிக்கு,

நான் சிரித்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் பிடித்திருந்தேன். அதனால்தான் நேற்று வந்தேன்.

வந்து என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். நான் படியேறியதும் சாமி சகஸ்ரநாமத்தை ஆரம்பித்தார். முடியட்டும் என்று உட்கார்ந்தேன். முடிந்தது. மூச்சுவிடாமல் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். சர்க்கரை போடாத காபியை நான் குடித்து முடிக்கும்வரை பெருமாளுக்கு எத்தனை பேர் உண்டோ அத்தனையும் இரண்டு தடவை கேட்டாயிற்று. அந்தச் சத்தத்தின் மேலேயே, "சாமி, நான் சிரிச்சது தப்பு, மன்னிச்சிருங்க" என்று கத்தினேன். தாமோதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் முந்தானையை வாயில் வைத்திருந்தீர்கள். அழுதீர்களோ சிரித்தீர்களோ, நான் கேட்கப் போவதில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாய் திறந்தார்.

"நீ ஏம்மா கழட்டினே?"

எனக்குப் புரியவில்லை. "எங்காத்துக்குள்ள வரச்சே உன் செருப்பை வாசல்ல கழட்டினியே, ஏன்? நான் சொன்னேனா? நீ கழட்டற மரியாதை எனக்குத் தெரியும். அவ சந்நிதிக்கு நான் எப்படிப் போகணும்னு நீ சொல்லு."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். கள்ளச்சாராயக் கேஸிடம், பரோட்டா கேஸிடம், ஊசி போட்டால் சாமி குத்தம் என்றவரிடம். இவர் கேட்டபோது செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். பஸ் மம்சாபுரம் விலக்கைத் தாண்டிய பிறகுதான் பதில் வந்தது. செருப்போடு போகச் சொல்லவில்லை சாமி, புண் ஆறும்வரை போகவே வேண்டாம் என்கிறேன். அது செருப்பைவிடப் பெரிய அடியாக விழும் என்று தெரியும். அதனால் இறங்கித் திரும்பி வரவில்லை.

மாமி, நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டுவிட்டேன். இனி என்னிடம் பாக்கி இல்லை. அவர் புண்தான் பாக்கி. உங்கள் கோயில் வழக்கமும் உங்கள் ஆட்களும் எனக்குத் தெரியாது. அவரை யார் சொன்னால் கேட்பார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இதோடு ஒரு நைலான் நூல் வைத்திருக்கிறேன், பேனா மாதிரி பிடி போட்டிருக்கும். நூல் லேசாக வளையும்வரை அழுத்தினால் போதும். நல்ல கால் என்றால் கட்டாயம் தெரியும். புண்மேல் வைக்காதீர்கள். வேறு யாருக்கு வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள். நேற்று அவர் வாசலிலிருந்து திரும்பி உள்ளே நடந்தபோது அந்தப் புண்ணின் நிறத்தைப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

மாரிசெல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆனி 30, திங்கட்கிழமை (ஜூலை 14)

மாரிசெல்விக்கு,

நேற்று எங்கள் அகத்தில் இருந்தவர்கள்: உற்சவத்தில் யாருக்கு எந்தத் தண்டு என்று பேச வந்த ஸ்ரீபாதம் தாங்கிகள் ஆறு பேர், இவர், நான், தாமோதரின் அகத்துக்காரி வைஜயந்தி. வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

மோர் கொடுத்துவிட்டு, "எல்லாரும் காலை நீட்டுங்கோ" என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை. "தண்டு பேசறதுக்கு முன்னாடி உள்ளங்கால் பார்க்கணும். இந்த வருஷத்திலேர்ந்து எங்காத்து வழக்கம்" என்றேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மோர் குடித்திருந்தார்கள்.

தாமோதர் காலை இழுத்துக்கொண்டான். "மன்னி, என் காலை நீங்க தொடப்படாது. அபசாரம்."

"நான் தொடலை, நூல்தான் தொடும்" என்றேன். "அன்னிக்கு ராஜபாளையத்திலே வாய் கிழியப் பேசினியே, நீட்டு."

நாலு பேர், நூல் வைத்தவுடன் "ஆமா, ஆமா" என்று துள்ளினார்கள். ஒருவருக்கு இடது குதிகாலில் கொஞ்சம் சந்தேகம். கடைசியில் தாமோதர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலுக்கு அடியில் வைத்தேன், நூல் வளைந்தது, அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். இரண்டாம் இடம், அப்படியே. வைஜயந்தி என் தோளைப் பிடித்தாள்.

அதுவரை ஊஞ்சலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த இவர் எழுந்து வந்தார். என் கையிலிருந்து நூலை வாங்கினார். கீழே உட்கார்ந்து தாமோதரின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தானே அழுத்தினார்.

"சொல்லுடா."

"தொடுங்கோண்ணா, சொல்றேன்" என்றான் தாமோதர்.

நூல் வளைந்தே இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

நூலை எடுக்காமலே இவர் சொன்னார்: "நாளான்னிக்குச் செவ்வாய்க்கிழமை ராஜபாளையம் போறோம். நீ முன் தண்டு, நான் பின் தண்டு." தாமோதர் கண்ணைத் திறந்து இவர் கையையும் தன் காலையும் பார்த்தான். அப்புறம் அவன் பேசவே இல்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது நேற்றுதான்.

நீ செய்ததையே நானும் செய்தேன் என்று எழுதாதே. நான் எங்கள் அகத்துக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, பைலில் முகத்தை மறைக்காமல் செய்தேன். நாளைக்கு அவர்கள் இருவரும் வரும்போது கூட்டம் கிடையாது, மாடி கிடையாது. தனி அறை. காலை யாருக்கும் தூக்கிக் காட்டக் கூடாது. இந்தக் கடிதத்தை என் கையாலேயே உன்னிடம் கொடுப்பேன். நீ அதைப் படித்த பிறகுதான் அவரை உள்ளே விடுவேன்.

வஞ்சுளவல்லி


ராஜபாளையம்
19.7, சனி

மாமிக்கு,

இதைத் தாமோதர் அண்ணன் கையில், சாமியைச் சேர்த்திருக்கும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுகிறேன். லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் நான் வரவில்லை.

நாளை காலை ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார். கட்டைவிரல் மட்டும்தான், புண் எலும்பு வரை போய்விட்டது. பாதம் தப்பும் என்கிறார்கள். தப்பும் என்று அவர்கள் சும்மா சொல்லமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததிலிருந்து எனக்குக் கோபம் ஆறவில்லை. அந்தச் சனிக்கிழமை மறுநாளே கட்டுக்கு வந்திருந்தால் விரல் மிஞ்சியிருக்கும். நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அவர் மறுநாளே வந்திருப்பார். இதில் என் பங்கு எவ்வளவு, அவர் பிடிவாதம் எவ்வளவு, உங்கள் வீதியின் பக்தி எவ்வளவு என்று பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர். பிரித்தால் எனக்குச் சொல்லாதீர்கள்.

இன்றைக்குக் கூட்டம் இருந்தது. தாமோதர் அண்ணன் தானாக வந்து, தானாகவே காலை நீட்டி, தன் கதையைச் சொன்னார். ஐயாதுரை அண்ணன், "சாமிமாருக்கும் நமக்கும் ஒரே மாதிரிக் காலுதாம்ல" என்றார். இசக்கியம்மாள் ஆச்சி, "ஏலே, அவியளுக்காவது ரோட்டுல சாமிய தூக்கிக் கெட்டுது. ஒனக்கு எங்க நின்னு கெட்டுது? ஒங்காலக் காட்டு" என்றது. எல்லாரும் காட்டினார்கள். நான் பைலை மேசை மேலேயே வைத்திருந்தேன்.

அங்கே டாக்டர் இல்லாதபோது யாராவது "லேசா ஊன்றி நடங்க" என்றால் விடாதீர்கள். சண்டை போடுங்கள். அது உங்களுக்கு நன்றாக வரும்.

மாரிசெல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆடி 24, சனிக்கிழமை (ஆகஸ்ட் 9)

மாரிசெல்விக்கு,

அகம் வந்து ஒரு வாரம் ஆகிறது. விரல் போனதைத் தவிர மற்றபடி குறைவில்லை. ஐந்து கருட சேவை, சயன சேவை, தேர் எல்லாம் நாங்கள் மதுரை வார்டில் இருந்தபோதே ஆகிவிட்டன. தேர் அன்று காலையிலிருந்து அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் ஒரே ஒரு தடவை, "இந்நேரம் நிலைக்கு வந்திருக்கும்" என்றார்.

இப்போது தினமும் ராத்திரி படுக்குமுன் அவர் காலைத் திருப்பி வைத்துக்கொண்டு, விளக்கை அருகில் கொண்டுவந்து பார்க்கிறேன். முதல் இரண்டு நாள் கூச்சப்பட்டார். இப்போது தானே நீட்டுகிறார். கறுப்புச் செருப்பைக் கூடத்திலேயே போட்டுக்கொள்கிறார். பெருமாள் அறை வாசலில் மட்டும் கழற்றிவிட்டு, அங்கே நான் விரித்திருக்கும் மெத்தை மேல் உட்காருகிறார். இதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை.

வீதியில் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "விரலை வெட்ட எப்படி மாமி விட்டேள்? நாச்சியார் காப்பாத்தியிருக்க மாட்டாளா?" என்று ஒருத்தி. இத்தனை நாள் அவர் தார் ரோட்டில் வெந்துகொண்டு நின்றதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் அவள்தான். நானும்தான். "மிச்சக் காலைக் காப்பாத்தினது யாருன்னு நினைச்சே?" என்று கேட்டேன். போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அகத்துக்காரரின் உள்ளங்காலைப் பார்க்க நூலோடு போகப்போகிறேன். அவருக்கும் சர்க்கரை.

நான் எழுத வந்த விஷயம் வேறு. அவர் தோள் துணியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார். மார்கழி எண்ணெய்க்காப்பு உற்சவத்துக்குள் கால் ஆறிவிடும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறார். தினமும் கொல்லைப்புறம் போகும்போது வலது தோளை உயர்த்தி உயர்த்திப் பழகுகிறார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. மற்ற ஸ்ரீபாதம் தாங்கிகள் வந்து, "உங்க இடம் அப்படியே இருக்குண்ணா" என்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் அந்த நல்ல மனசை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தாமோதர் மட்டும் அதைச் சொல்வதில்லை. அவன் மார்கழி வரை தண்டு தொடுவதில்லை என்று நிறுத்திக்கொண்டான், செருப்பு வாங்கிவிட்டான்.

மதுரை டாக்டரிடம் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார். உங்கள் டாக்டரிடம் கேட்டேன், "அதுக்கென்ன அவசரம்" என்றார். செவ்வாய்க்கிழமை உன்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். நீயும், "முதல்ல ஆறட்டும் மாமி" என்று சொல்லிவிட்டுப் பேஷண்ட் கூப்பிடுவதாக ஓடினாய். எவரும் கூப்பிடவில்லை, எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால், கேட்காமலே, பட்டென்று சொன்ன வாய்க்கு இப்போது என்ன வந்தது? சபையில் சொல்லத் தெரிந்தவளுக்கு என் ஒருத்தியிடம் சொல்லத் தெரியவில்லையா? அவர் பாட்டுக்குத் தோளைப் பழக்கிக்கொண்டு மார்கழியை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஆசை காட்டுகிறவர்கள் வரிசையில் நீயும் சேர்ந்துகொண்டாய்.

எனக்கு இரண்டில் ஒன்று தெரிய வேண்டும். கால் ஆறிய பிறகு அவர் நாச்சியாரைத் தோளில் ஏந்தலாமா, இனி ஒருக்காலும் கூடாதா? கூடாது என்றால் "கூடாது" என்றே எழுது. சுற்றி வளைக்காதே. அதை அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டு, நானே சொல்கிறேன். வேறு யார் சொன்னாலும் அது இன்னொரு வெட்டு.

வைஜயந்தி பெயருக்கு எழுது. இங்கே வரும் தபாலை இவர்தான் வாங்குகிறார். சீக்கிரம் பதில் போடு.

வஞ்சுளவல்லி